நேரசூசி மாஸ்டரும் இருபத்திரண்டாம் பாடமும்

கண்டி மாவட்டத்தில் தமிழில் கணக்குப் படிப்பித்த அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் வெறுப்பேற்றும் ஆற்றலுடன் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகர். பெற்றோர் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர், கால அட்டவணையே உயிரென்றிருந்த நேரசூசி மாஸ்டர்.

அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு இது: தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம், அக்குறணை முஸ்லிம் பள்ளிக்கூடம், கெலிஓயாவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் எட்டாம் வகுப்புக்கு ஒரே நாளில் ஒரே பாடம், ஒரே கணக்கு. அலுவலகம் ஒரு வருடம் நடத்திப் பார்க்க அனுமதித்தது. ஆசிரியர்களிடமிருந்து முறைப்பாடு வந்தால் அத்தோடு திட்டம் குப்பைக்கூடைக்குப் போகும் என்று அதிகாரி சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் கூட்டத்திலேயே நான் எழும்பினேன்.

"மாஸ்டர், எங்களுக்கு நோன்பு மாசம் லீவு. தோட்டத்துல அப்ப ஸ்கூல் நடக்கும். ஒரே பாடம் எப்படி வரும்?"

"அதுக்குத்தான் நாலு கலரில கீறியிருக்கிறன்" என்று ஓர் அட்டையை விரித்தார். மேசை போதாமல் இரண்டு பள்ளி அதிபர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கட லீவில மற்றவை பழைய பாடம் மீட்டல் செய்வினம். அவையின்ர லீவில நீங்கள் மீட்டல் செய்வியள்."

"பிறை ஒரு நாள் பிந்தினா?"

"பிறைக்கும் ஒரு நாள் விட்டிருக்கிறன்."

மண்டபமே சிரித்தது. ஏன் இந்தக் கரைச்சல் என்று யாரோ கேட்டார்.

"நான் படிக்கிற காலத்தில இனக் குழப்பத்தால மூண்டு பள்ளிக்கூடம் மாறினனான். மூண்டிலயும் பின்னந்தான் படிச்சன். x, y போடுற அட்சரகணிதத்தை எல்லா இடத்திலயும் நான் போகமுந்தியே முடிச்சுப்போட்டினம்."

அதற்கும் சிரித்தோம். மகா கெட்டிக்காரர்கள் நாங்கள்!

பிறகு தொடங்கியது வேட்டை. குடையும் கையுமாக பஸ்ஸிலிருந்து இறங்குவார். வணக்கம், சலாம் ஒன்றும் கிடையாது. நேரே வகுப்புக்குள் வந்து கரும்பலகையைப் பார்ப்பார். பாடம் பிந்தியிருந்தால் முறைப்பார். முந்தியிருந்தாலோ அது கொலைக்குற்றம். ஒருநாள் ஆர்வக்கோளாறில் நான் அடுத்த பாடத்தைத் தொட்டுவிட்டேன்.

"ஓடீட்டியள். நில்லுங்கோ."

"புள்ளைகளுக்கு விளங்கிட்டே மாஸ்டர்!"

"ஓம், விளங்கும். தெல்தோட்டை இன்னும் வரேல்ல."

தெல்தோட்டை வந்து சேரும்வரை கெலிஓயாவில் நாற்பது பிள்ளைகள் இரண்டு நாள் சும்மா குந்தியிருந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நபிமார் கதை சொன்னேன்.

அந்த வாரமே பெட்டிசன் எழுதினேன். அந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. 'சர்வாதிகாரம்', 'பாழாகும் எதிர்காலம்' எல்லாம் தாராளமாகப் போட்டு, முப்பது ஆசிரியர்கள் ஒப்பமிட்டிருப்பதாக முடித்தேன். விசாரணைக்குத் திகதி வந்தது. மனுசன் தொலைந்தார் என்று நிம்மதியாக இருந்தேன்.

விசாரணைக்கு முன்னரே தமிழருக்கு எதிரான கலவரம் வந்துவிட்டது. தெல்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். தப்பி வந்த சில குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் இடம் கொடுத்தோம். ஊரடங்கை நீக்கிப் பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் எட்டாம் வகுப்பில் ஒரு புதுப் பிள்ளை இருந்தாள். காலில் செருப்பில்லை, கையில் கொப்பியில்லை. நான் பலகையில் 'இருபத்திரண்டாம் பாடம்' என்று எழுதினேன். அவள் எழும்பினாள்.

"சேர், இதுல ரெண்டு கணக்கு செஞ்சிட்டோம். மூணாவது மட்டும் செய்யல."

"ஏன் செய்யல்ல?"

"அதுக்குள்ள ஓடி வந்துட்டோம், சேர்."

என் பிள்ளைகளும் மூன்றாவதில்தான் நின்றார்கள். ஒருத்தி தன் கொப்பியிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த இடத்தையே அழித்துக்கொண்டு நின்றேன்.

விசாரணையன்று அதிகாரி பெட்டிசனைத் தூக்கிக் காட்டினார். "யார் எழுதினது?"

"நான்தான் சேர். எழுதினது பிழை. நான் வாபஸ் வாங்குறேன். திட்டம் இருக்கணும்."

மூலைக் கதிரையிலிருந்து மாஸ்டர் எழும்பினார். கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த அறையும் எரிந்திருந்தது. போட்டிருந்தது யாரோ ஒரு தடித்த மனிதரின் ஷர்ட். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஐயா, முப்பது பேர் எண்டு எழுதியிருக்கிறார். ஒப்பம் இருபத்தேழுதான் கிடக்கு. அதையும் திருத்தச் சொல்லுங்கோ."

திட்டம் தப்பியது. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

"மூண்டாவதைச் செய்தவவோ?" என்றார்.

"செஞ்சா மாஸ்டர். விடையும் சரி."

அவர் ஏறவேண்டிய பஸ் முன்னால் வந்து நின்றது. அதைப் பார்த்தபடியே நின்றார், அது போய்விட்டது. கெலிஓயா பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை, அவரோடேயே நின்றேன்.