பெண் வீட்டாருக்குப் போட்ட செண்டுப்பூ மாலை

கல்யாணக் கனவில் இருப்பவனை நம்பித் தோட்டத்தை விடக் கூடாது. தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய், பூவுக்குப் பாய்ச்சிவிட்டு வருவான். நான் அப்படித்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அனுமந்தன்பட்டியில் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். ஓரத்தில் செண்டுப்பூ நட்டால் தக்காளிக்குப் புழு வராது என்று ரேடியோவில் கேட்டேன். எனக்கு ஓரம் போதவில்லை. வரப்பு, வாய்க்கால், வீட்டு வாசல் வரை நட்டேன். அப்போதுதான் கோம்பையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். (பார்த்தது அரை நிமிடம். அதிலும் பாதி நேரம் காபியைத்தான் பார்த்தேன்.) சாயங்காலம் மலைக்காற்று இறங்கும்போது பூ வாசம் பச்சையாக, கிறக்கமாக எழும். அந்த மஞ்சளுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் வரப்பில் நடந்து வருவதாக நினைத்துக்கொள்வேன். கொலுசுச் சத்தம்கூடக் கேட்கும். தவளையாக இருந்திருக்கலாம்.

"ஏலே, பூவப் பறிக்காம ஏன் வேடிக்க பாக்குற?" என்பாள் அம்மா. பெண் வீட்டார் வரும் நாள்வரை ஒரு பூவைத் தொடவும் எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வீடு பார்க்க வந்தார்கள். பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள்; சாப்பிடாமல் எழுந்துவிட்டால் சம்பந்தம் இல்லை. நானே கட்டிய செண்டுப்பூ மாலையைப் பெண்ணின் அப்பா கழுத்தில் போட்டேன். (வந்திருப்பவர் மந்திரியா என்று என் அப்பா முறைத்தார்.) கேசரித் தட்டு அவர் கைக்குப் போனதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இந்த வாசத்துக்கு ஒரு புழு எட்டிப் பாக்காது மாமா."

"அண்ணே, அசையாதீக" என்றார் அத்தை.

என் பேச்சில்தான் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து, செண்டுப்பூ வேரின் மகிமைக்குப் போனேன். அதற்குள் மாலையிலிருந்து கிளம்பிய பச்சைப் புழு ஒன்று அவருடைய வெள்ளைக் காலரில் ஏறி, நெளிந்து, கேசரியில் விழுந்தது.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க சொன்னது சரிதான் தம்பி. எட்டிப் பாக்கல. குடியே வந்துருச்சு."

வரப்பில் நடந்து வந்தவள் அப்படியே கோம்பைக்குத் திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அத்தை தக்காளிப் பாத்திக்குள் இறங்கினார். இலையைப் புரட்டினார், காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, புழு பூராம் பூவுலதான் கெடக்கு. தக்காளியில ஒரு ஓட்ட இல்ல. பையன் வெவரமில்லன்னாலும் வெள்ளாம வெவரமா இருக்கு."

பெண்ணின் அப்பா மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தோட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வேற தட்டு கொண்டாங்க மாப்ள."

அழுகை வந்துவிட்டது எனக்கு.

கல்யாண மேடையில் நான் மாலை போடப் போனபோது, மணப்பெண் அதை என் கையிலிருந்து வாங்கி ஒரு உதறு உதறிக் கொடுத்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். இரண்டு ஊரும் சிரித்தது. இன்றைக்கும் நான் எதையாவது தெரிந்தவன் மாதிரி விளக்க ஆரம்பித்தால், "மொதல்ல மாலைய உதறுங்க" என்பாள். மகளும் சொல்லப் பழகிவிட்டாள்.

போன மாதம் என் முதுகுவலிக்கு என்ன காரணம் என்று டாக்டருக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். அவரும் கோம்பைக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உதறிட்டீகளா?" என்றார்.