சமத்துவ அண்ணாச்சியும் ஓரடி விளையாட்டும்

"திரு. ஜெயசிங், முதன்மைப் பாலினச் சமத்துவ ஆலோசகர். அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். பெண்களின் குரலை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே பேசுபவர்."

சங்கரன்கோவிலில், வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வாசகம் இது. எழுதியவர் ஜெயசிங்.

சமத்துவ அண்ணாச்சி என்னும் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், அவர் இருக்கும் இடத்தில் வேறு யாரையும் கேட்க முடியாது. கதர் ஜிப்பா, கிராமத்துப் பெண்கள் கையால் தைத்ததாகச் சொல்லப்படும் ஜோல்னாப் பை, நான் மற்ற ஆம்பிளைகளைப் போல இல்லை என்று தூரத்திலிருந்தே அறிவிக்கிற கனிந்த முகம், யார் பேச ஆரம்பித்தாலும் மெல்ல ஆடத் தொடங்கி, அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும் அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிற தலை. ஜிப்பாவுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவர் மனைவி ஞானபூரணம் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்கும் முன் அதை முடித்தாக வேண்டும். பிந்தினால் சமத்துவம் கசங்கிவிடும்.

என்னை யாரும் சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அலுவலகத்தில் அவர் போட்ட முதல் உத்தரவு. புதிதாகச் சேர்ந்த ஏஞ்சல் அதை நம்பி ஒருநாள் "ஜெயசிங், இதுல ஒரு கையெழுத்து" என்றாள். அடுத்த வாரம் அவளுக்குச் சிவகிரிப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள் ஒதுக்கப்பட்டன. அதற்குப் பிறகு எல்லாரும் சார் என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகளிர் தினத்தன்று பெண் ஊழியர்களுக்கெல்லாம் தன் கையால் டீ கொடுப்பார், கேமராவைப் பார்த்தபடி. தம்ளர் கழுவுகிறவளை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஊரில் உள்ள ஜவுளிக்கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போட வைத்தவர் அவர்தான். கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்த முதலாளிகளை வரிசையாக உட்கார வைத்து வகுப்பெடுத்தவரும் அவர்தான். முதலாளிகள் வேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

இனி மாரிசெல்விக்கு வருவோம். குருவிகுளம் ஒன்றியத்துக்கு அவள்தான் களப்பணியாளர். அங்குள்ள மகளிர் குழுக்களில் பாதி அவள் ஆள் சேர்த்து ஆரம்பித்த குழுக்கள். ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். புருஷன் இசக்கிராஜாவுக்கு விசைத்தறியில் வேலை, தறி ஓடுகிற நாளில் மட்டும். ஆக, வீட்டில் அடுப்பெரிவது இவள் சம்பளத்தில். அந்த அடுப்பைப் பற்ற வைப்பது பெரும்பாலும் இசக்கிராஜா. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

நிதி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஹெல்கா என்ற அம்மாள் வந்து இறங்கிய அன்று காலையில், ஜெயசிங் மாரிசெல்வியைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உக்காரும்மா. அண்ணன் மாதிரி சொல்லுதேன். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இளையரசனேந்தல் ரோட்டுல வண்டியில போய்ட்டு வாரது நல்லதில்ல. இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுதுல்லா, மறுபடி போட வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"யாரு சார் முடிவு பண்ணுனது?"

"நாமதாம்மா."

"நான் பண்ணலையே."

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"நல்லதுன்னா பிரசவத்துக்கு லீவு குடுங்க சார். முடிச்சுட்டு வந்து பாக்கேன்."

"அதுக்குப் பட்ஜெட்டுல தலைப்பே இல்லையேம்மா. பேசாம வீட்டுல ராணி மாதிரி இரி."

"ராணி வீட்டுக்கு யாரு சார் அரிசி வாங்கிப் போடுவா?"

ஜெயசிங் சிரித்தார். இந்தப் பெண்களின் நகைச்சுவை உணர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. பிறகு, தன் இனத்தார் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தவறைச் செய்தார். "மத்தியானம் ஓரடி விளையாட்டு இருக்கு. மேடத்துக்கு முன்னால நீ கண்டிப்பா நிக்கணும். நீதான் தெளிவா பேசுவ."

ஓரடி விளையாட்டு என்பது இந்தத் தொழிலின் பூசை. பெண்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு வாக்கியமாக வாசிப்பார்கள். 'என் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு.' ஆமாம் என்பவள் ஓரடி முன்னால் வர வேண்டும், இல்லை என்பவள் ஓரடி பின்னால் போக வேண்டும். கடைசியில் யார் எங்கே நிற்கிறாள் என்று பார்த்து எல்லாரும் வருத்தப்படுவார்கள். பின்னால் போகிற பெண்ணைக் கண்டால் ஜெயசிங்குக்குக் கண் கலங்கும். முன்னால் வருகிறவளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அடுத்த வருஷ நிதியை அவளைக் காட்டியா கேட்க முடியும்?

ஹெல்கா நாற்காலியை மறுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், சமமாக. முட்டி மடங்காததால் இரண்டு பேர் பிடித்துச் சமமாக்கினார்கள். ஜெயசிங் வாசித்தார். மாரிசெல்வி அவர் எரிச்சல்படும்படி முன்னால் வந்துகொண்டே இருந்தாள். வீட்டில் சமையல் யார்? அவளும் புருஷனும். சம்பளத்தைச் செலவழிப்பது யார்? அவள். வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும்? யாரிடமும் இல்லை.

கடைசி வாக்கியம் ஜெயசிங் சொந்தமாக எழுதியது. குரலைத் தாழ்த்தி வாசித்தார்: 'என் உடம்பைப் பற்றியும் என் உழைப்பைப் பற்றியும் என்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்க முடியாது.'

மாரிசெல்வி பின்னால் போனாள். ஓரடியில் நிற்கவில்லை. முதுகு சுவரில் முட்டும் வரை போனாள்.

ஜெயசிங்குக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் புருஷனைப் பற்றி ஹெல்காவிடம் ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுதாபமாகச் சொல்லிவிட்டு, "கூச்சப்படாம சொல்லும்மா. இங்கன யாரும் ஒன்னை ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

"காலையில செஞ்சுட்டீங்களே சார்" என்றாள் மாரிசெல்வி. பிறகு ஹெல்காவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளே சொன்னாள்: நான் கர்ப்பிணி, அதற்காக என் வேலையை எடுத்துவிட்டார்கள், எடுத்தது என் புருஷன் இல்லை, இதோ இவர்.

வரிசையில் நின்ற இளையரசனேந்தல் குழுத் தலைவி பூமாரிக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஜாப்' என்ற சொல்லும் ஜெயசிங்கை நோக்கி நீண்ட விரலும் போதுமாக இருந்தன.

"ஏட்டி, வேலையவா எடுத்துட்டாவ? அப்பம் நம்ம குழுவுக்கு இனி யாரு வருவா?"

"சாரே வருவாருக்கா."

"வந்து? அவரு பேசி முடிக்கதுக்குள்ள எங்க ஆடு மேய்ஞ்சு வீட்டுக்குத் திரும்பிரும். நீ எறங்கி வராத மாரி. இந்த ஊர்ல அம்மனே ஒத்தக்கால்ல தவசு நின்னுதான் நெனச்சத வாங்குனா."

ஹெல்கா ஜெயசிங்கைப் பார்த்தார். ஜெயசிங் கள நிலவரம் என்றார், பண்பாட்டுச் சூழல் என்றார், தாய்சேய் நலம் என்றார், பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்பதைக் கடைசியில் மெதுவாகச் சொன்னார். பட்ஜெட்டை எழுதியது ஹெல்காவின் அலுவலகம். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சிந்தித்தார். பணம் கொடுக்கிறவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு உள்ளூர் அமைப்பின் முடிவில் தலையிடுவதே ஓர் ஆதிக்கம்தான், அந்தத் தப்பை நாங்கள் செய்ய மாட்டோம், நாமிருவரும் சமமான பங்காளிகள் என்றார். சமத்துவம் இத்தனை இனிமையானது என்று ஜெயசிங்குக்கே அன்றுதான் தெரிந்தது.

மாரிசெல்வி சுவரோடு சாய்ந்து நின்றபடி கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சமம். சரி. நான் எங்கன நிக்க?"

"அங்கனயே நில்லும்மா" என்றார் ஜெயசிங். "போட்டோ எடுக்கணும்."

படம் நன்றாக வந்திருக்கிறது. ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான். வயிற்றில் கை வைத்து, சுவரில் சாய்ந்து, கேமராவை நேராக முறைக்கும் பெண். கீழே 'மௌனம் கலைகிறது' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரிடமாவது "உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? இப்போது நீங்கள் போட்டிருக்கிற சட்டையைத் தேய்த்தது யார்? ஜெயசிங்கைக் கேட்டால் அவரும் அப்படிச் செய்ததே இல்லை என்றுதான் சொல்வார், கனிந்த முகத்தோடு.

அவர் செய்தது இதுதான்: வயிற்றுப்பிள்ளைக்காரியான மாரிசெல்வியை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆம்பிளையைப் போட்டார்.