மூன்று நாள் முந்திச் சொன்ன வாழ்த்து

அன்புள்ள ரென்ஸ்கே அக்காவுக்கு,

உன் தம்பி லூபர்ட் எல்லை தாண்டி மெப்பனில் மகள் வீட்டிலிருந்து சொல்லச் சொல்ல, என் மகள் யான்னா எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மற்றக் கடிதங்களில் இதை ஒரு மரியாதைக்குச் சொல்வேன். இந்த முறை தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உன் முழங்காலும் உன் பூனையும் சொன்னபடி கேட்கின்றனவா?

சனிக்கிழமை வந்து சேருவேன் என்றேன், வரவில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. எழுபத்தாறாம் வருடம் ஆறு வற்றி நம் சரக்குப் படகு நாற்பத்தொரு நாள் மணலில் குந்தியிருந்ததே, அதற்குப் பிறகு இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்குத் தோட்டத்தில் காப்பியும் பிளம் கேக்கும். சம்பந்தியம்மா வால்ட்ராட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்பது. நானோ சனிக்கிழமை கிளம்புகிறவன். நம் ஊரில் என்ன செய்வோம்? கையைப் பிடித்து முன்கூட்டியே வாழ்த்திவிட்டுப் போவோம். வாழ்த்தாமல் போனால்தான் குற்றம். அதைத்தான் நானும் செய்தேன். எழுந்து நின்று, கையைப் பிடித்து, "எண்பதுக்கு இப்பவே என் வாழ்த்துகள், சம்பந்தியம்மா" என்றேன்.

மாப்பிள்ளை டெட்லெஃப் கரண்டியைக் கீழே வைத்தான். யான்னா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், ஆனால் வாக்கியம் முடிந்த பிறகு. பேச்சு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் அக்கா, வழக்கம் வேறு. இங்கே பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்தினால் அந்த நாளைப் பார்க்காமலே போய்விடுவார்களாம்.

"என் புருஷன் கெர்ஹார்டுக்கு ஞாயித்துக்கிழமை பொறந்தநாளு. தபால்காரன் வெள்ளிக்கிழமையே வாழ்த்தினான். சனிக்கிழமை போய்ட்டாரு" என்று சம்பந்தியம்மா அமைதியாகச் சொல்லி, பாதிக் கேக்கை என் பக்கம் தள்ளிவிட்டார். கெர்ஹார்டுக்குத் தொண்ணூறு முடிய ஒரு நாள் பாக்கி, அதற்குள் இரண்டு மாரடைப்பு வேறு என்று மாப்பிள்ளை பிறகு கொல்லைப்புறத்தில் வைத்துச் சொன்னான். அதைச் சம்பந்தியம்மா முகத்துக்கு நேரே சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "குடுத்தது குடுத்ததுதான், திருப்பி எடுத்தா திருட்டு. பச்சக் கொழந்தைக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவர் எழவில்லை.

வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நிஜமாகவே உதடு வெளுத்துவிட்டது. வந்த டாக்டர், நோய் ஒன்றும் இல்லை, ஆனால் எண்பது வயது நெஞ்சு பட்டினியையும் பயத்தையும் சேர்த்துத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது பேருக்கு மண்டபம் பிடித்தாயிற்று. விருந்தை ரத்து செய்தால் அதுவே சாவு அறிவிப்பு மாதிரி ஆகிவிடும் என்று யாரும் தொலைபேசியைத் தொடவில்லை. சம்பந்தியம்மா மட்டும் விருந்துக்கு வாங்கிய நீலச் சட்டையை எடுத்து வெளியே மாட்டச் சொன்னார், அது ரெண்டுக்கும் ஆகுமாம். அடுக்களையில் மாப்பிள்ளை, "உங்கப்பாவுக்கு மூணு நாளு வாய மூடிட்டு இருக்கத் தெரியாதா?" என்றான். நான் பெற்ற மகள், "எழுபத்தெட்டு வருஷமா மூடினதில்ல" என்றாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கினேன், சம்பந்தியம்மா கூப்பிட்டனுப்பினார். "பத்த வச்சுட்டு ஊரு போய்ச் சேந்துரலாம்னு பாக்குறீங்களா, சம்பந்தி? உக்காருங்க. நாளைக்குக் காலையில பத்து நாப்பதுக்குத்தான் நான் பொறந்தேன். அதுவரைக்கும் இந்த எடத்தவிட்டு அசையக் கூடாது."

உட்கார்ந்தேன். மறுநாள் பத்து மணிக்கே அறுபது பேரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள், கையில் பூங்கொத்து, மேலே வெயில். தவறி வாழ்த்து வந்துவிடுமோ என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூக்கைச் சிந்தக்கூட யோசித்தார்கள். சம்பந்தியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி கிடந்தார். பத்து முப்பத்தைந்துக்குப் பிடி தளர்ந்தது, கண் மூடிக்கொண்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. டெட்லெஃப் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறுபத்துமூன்றாம் வருடம் பனிக்கட்டி நம் படகின் வயிற்றைக் கிழித்தபோதுகூட என் நெஞ்சு இப்படி அடிக்கவில்லை அக்கா. ஒரு பெண்பிள்ளையை ஒரு வார்த்தையால் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு கண் திறந்தது. "மணி என்ன?"

"பத்து நாப்பத்தொண்ணு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப பீரத் தெறக்கச் சொல்லுங்க" என்று காலால் செருப்பைத் தேடினார். மண்டபத்தில் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டு, என்னோடு மூன்று தடவை ஆடினார். முடிவில் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து, "வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்கு எழுபத்தொம்பது இல்லையா சம்பந்தி? இப்பவே என் வாழ்த்துகள்" என்றார். அறுபது பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நம்புகிறவனா நான்? செவ்வாய்க்கிழமை மதிய ரயிலில் வருகிறேன், காப்பி போட்டு வை.

கடவுள் உன்னையும் உன் கூரையையும் காப்பாற்றட்டும். பக்கத்து வீட்டாருக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் தம்பி,
லூபர்ட்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை வரமாட்டேன். மத்தியானத்திலிருந்து படுத்திருக்கிறேன், உதடு கொஞ்சம் வெளுத்திருப்பதாக யான்னா சொல்கிறாள். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பார்ப்போம். நீ வருடா வருடம் நாலு நாள் முந்தி அனுப்புவாயே, அந்த வாழ்த்து அட்டை, அதை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுத் தபால்காரன் பின்னாலேயே ஓடு.