நாற்காலியம்மாவும் வராத அண்ணாச்சியும்

சிவகாசியில் பட்டாசுக்குச் சத்தம் அதிகமா, நாற்காலியம்மாவின் மாடி அறைக்குச் சத்தம் அதிகமா என்று கேட்டால், யோசிக்காமல் மாடி அறையைத்தான் சொல்வேன். அந்தம்மா மனநல ஆலோசகர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் மொத்த ஆஸ்பத்திரியும். ஒன்றில் நாம் உட்கார்ந்து, எதிரே இருக்கும் காலி நாற்காலியோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அசல் பெயர் பலகையில் இருந்தது. யார் படித்தார்கள்?

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் என்னை அங்கே இழுத்துப்போனவள் என் மனைவி. எனக்கு ஒரு கோளாறு. என் அண்ணாச்சி எது சொன்னாலும் என் வாயில் 'சரிங்கண்ணாச்சி' மட்டும்தான் வரும். அந்த வாரம் அவர் சாத்தூரில் என் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அவளோ நர்சிங் படிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை பேசி முடிச்சிருவோம்லே" என்றார் போனில். பாழாய்ப்போன என் வாய் உடனே சரி சொல்லிவிட்டது. அன்றிலிருந்து செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதிர்ல உங்க அண்ணாச்சி இருக்காகன்னு நினைச்சுக்கிடுங்க" என்றார் நாற்காலியம்மா.

சடாரென்று எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

"ஏன் எந்திரிச்சீக?"

"அண்ணாச்சி இருக்காகல்ல?"

"அவுக இங்கன இல்லீங்க!"

"நீங்கதான இருக்காகன்னீக?"

இருக்கிறாரா, இல்லையா? ஒன்றைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா!

"சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. கல்யாணம் இப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அண்ணாச்சி... சாப்பிட்டீகளா?"

அந்தம்மா அசரவில்லை. என்னை அண்ணாச்சி நாற்காலிக்கு மாற்றி, அவராகவே பேசச் சொன்னார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்! "ஏலே, எவனக் கேட்டு முடிவெடுக்கே?" என்று நான் போட்ட போட்டில், கீழே பேப்பர் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, அண்ணன் தம்பி பிரச்சினை" என்று அந்தம்மா அவர்களை அனுப்பிவைத்தார். அவர்கள் என்னையும் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். நான் பழைய இடத்துக்கு வந்து பணிவாகச் சொன்னேன்: "சரிங்கண்ணாச்சி."

"இந்தச் சரி எப்ப ஆரம்பிச்சது?"

"அப்பா தவறினப்பம்மா. அண்ணாச்சி படிப்ப விட்டுட்டு ஏழாயிரம்பண்ணைக்குப் பட்டாசு வேலைக்குப் போனாக. என்னயப் படிக்க வச்சாக."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எதற்கு வந்தது என்றே புரியவில்லை.

"நன்றியா இருக்கதும் எல்லாத்துக்கும் தலையாட்டுறதும் ஒண்ணா?"

"தெரியலியேம்மா."

"தெரியாட்டி நல்லது" என்று சிரித்தார். இதென்ன வைத்தியமோ, கண்றாவியோ!

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. எது ஒத்திகை, எது நிஜம் என்று எனக்குக் குழம்பிப்போய்விட்டது. பொத்தென்று அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளை படிக்கட்டும். கல்யாணம் இப்ப வேண்டாம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணாச்சி முகம் சிவந்தது.

"என்னலே, உக்காந்துக்கிட்டுப் பேசுதே?"

"கால் நடுங்குதண்ணாச்சி."

குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்ட செல்வி பக்கம் திரும்பி, "எந்த ஊரு காலேஜு தாயி?" என்றார்.

மறுநாளே மாடிக்கு ஓடினேன். கேட்டு முடித்த அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு உதவி. இந்த நாற்காலி ரெண்டையும் மல்லாங்கிணத்துல நான் நடத்துற ஒரு கூட்டத்துக்குக் கொண்டாந்து குடுக்கீகளா?" என்றார்.

"முடியாதும்மா!" என்றேன், சும்மா ஒரு ஆசைக்கு.

குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தார். நான் இரண்டையும் வண்டியில் கட்டி, வேகாத வெயிலில் மல்லாங்கிணறு கிளம்பினேன். அந்தம்மாவுக்குத் தூக்காமல் வேறு யாருக்குத் தூக்கப்போகிறேன்!