அறிமுகத்தாரின் இரண்டாம் இரவு

உலகத்தில் ஒரு பொருளைக்கூட சும்மா விடத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது அறிமுகத்தார்தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கபானாக் குடில்கள் சில கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் அறிமுகத்தார். ஏன் என்பது போய் இறங்கியதுமே விளங்கிவிடும்.

என் மனைவி சரோ விசுவமடுவில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். வருடம் முழுக்க இரைச்சலுக்குள் இருப்பவள். "இஞ்சாருங்கோ, எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கை ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது" என்றாள். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி மோட்டார் சைக்கிளில் ஏற்றி நேரே இவரிடம் கொண்டுபோய் இறக்கினேன்.

"வாங்கோ, வாங்கோ! இவர் கிணறு. நல்ல தண்ணி, ஆனா வாளியை மெதுவா விடோணும், சத்தம் பிடியாது. இவர் அலுமாரி. இழுத்தா வரமாட்டார், இடுப்பில ஒரு தட்டுத் தட்டுங்கோ."

அதோடு விட்டாரா? அலுமாரியின் பக்கம் திரும்பி, "இவை விசுவமடு ஆக்கள். ரீச்சரும் அவாவின்ர மனுசனும்" என்றார். நான் அலுமாரிக்குக் கைகூப்பிவிட்டேன். சரோ என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெயில் தணிந்ததும் பின்பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் முதல் மரத்தடியில் இலையோடு ஒரு குழை முறித்துப் போட்டு, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு நொடி வேலை. அறிமுகத்தார் எங்கள் ஊர், தொழில், பிள்ளைகளின் படிப்பு, என் முழங்கால் வலி எல்லாவற்றையும் ஐயனாருக்குச் சொல்லி முடிப்பதற்குள் குழை என் கையிலேயே வாடத் தொடங்கிவிட்டது.

உள்ளே வீரை மரங்களும் முதிரை மரங்களும் வானம் தெரியாமல் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நலம் விசாரித்தார். சரோ ஏதோ கேட்க வாயெடுத்தாள். உடனே கை நிறையப் பாலைப்பழம் கொடுத்தார். தின்றவர்களுக்குத் தெரியும், அந்தப் பால் உதட்டில் ஒட்டினால் வாய் திறக்க நேரம் எடுக்கும். விருந்தினர் வாயை ஒட்டவைத்துவிட்டுக் கதைப்பதில் மனிதர் கைதேர்ந்தவர்.

நான்கு பேர் கைகோர்த்தாலும் அணைக்க முடியாத ஒரு பாலைமரத்தடியில் மட்டும் அவர் குரல் இறங்கியது.

"சண்டையில இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்க வீடு இல்லை, வேலி இல்லை. என்னை ஆரெண்டு கேக்கவும் ஆளில்லை. இவர் மட்டும் நிண்டவர். இவருக்கு முன்னால நிண்டு நான் இன்னாற்றை மகன் எண்டு சொன்னனான். அண்டைக்குத் தொடங்கினது தம்பி, இந்தப் பழக்கம்."

சரோ மரத்தை உச்சிவரை அண்ணாந்து பார்த்தாள்.

ஆனால் இரவுச் சாப்பாட்டில் கணவாய்க் கறியையும் அறிமுகம் செய்தபோது சரோவின் பொறுமை போய்விட்டது. "விடிய வெளிக்கிடுவம். என்ர வகுப்புப் பிள்ளையள்கூட இடைக்கிடை மூச்சு விடுவினம்" என்று என் காதுக்குள் சொன்னாள்.

காலையில் தேநீரோடு வந்தவர், மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த பையைப் பார்த்தார்.

"வெளிக்கிட்டியளோ? ஓம், எல்லாரும் ஒரு நாள்தான். கபானா தொடங்கினதிலயிருந்து ரெண்டாம் இரவு ஒருத்தரும் தங்கேல்லை, ரீச்சர். கட்டிலில ஏதும் பிழையோ? கேட்டா ஒருத்தரும் சொல்லுகினமில்லை."

சரோ பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கட்டில் நல்லாத்தான் இருக்கு, அண்ணை" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "பையை அவிழுங்கோப்பா. நாங்கள் இண்டைக்கும் நிக்கிறம்."

மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ தலையைச் சொறிந்துகொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"ரெண்டாம் நாளைக்கு என்னட்டை ஒண்டுமில்லையே ரீச்சர்! எல்லாத்தையும் நேற்றே சொல்லி முடிச்சுப்போட்டன்."

அன்று பகல் முழுக்க விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று வளவெல்லாம் தேடித் திரிந்தார். ஒருமுறை ஓடிவந்து, "இது... துடுப்பு" என்றார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனார். சரோ கடலைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தாள். அலையைத் தவிர அவளோடு ஒருவரும் கதைக்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதேயில்லை.

பின்னேரம் திரும்பவும் காட்டுக்குப் போனோம். நேற்றுப் போட்ட குழைகள் வாடிக் கிடந்தன. அவற்றின் மேல் புதுக்குழை போட்டோம். இந்தமுறை பாலைப்பழத்தை அறிமுகத்தாரே வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசாமல் வந்தார். பெரிய பாலையடிக்கு வந்ததும் நின்றார். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மரத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நேற்று வந்த ஆக்கள்தான். திரும்பவும் வந்திருக்கினம்."

சரோ மரத்தில் கைவைத்து, "ஓம், நாங்கள்தான்" என்றாள்.

பிறகு எத்தனையோ தடவை போய்விட்டோம். இப்போது எங்களை அவர் ஒருவருக்கும் அறிமுகம் செய்வதில்லை. படலையைத் திறந்து, "வந்திட்டியளோ" என்று மட்டும் கேட்பார். கடலும் காடும் எங்கேயும் கிடைக்கும். நாங்கள் அவ்வளவு தூரம் ஓடுவது அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான்.