நாலாவது ஸ்ட்ரோக்

நேற்று எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். குழந்தைகளுக்கான ஒரு வெள்ளைச் சட்டையை, எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்து ஹோட்டலில் தங்கியிருந்த சென்னை பையரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் மாட்டிக்கொண்டார். போனில், "பையர் பதினோரு மணிக்கு ஏர்போர்ட் கிளம்பிருவாரு. அதுக்குள்ள சாம்பிள் கைக்குப் போகலைன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும். உன்னால ஆகுமா?" என்றார்.

"ராயபுரத்துல இருந்து ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலுக்குப் போறதுக்கு ராக்கெட்டா வேணும்? வைங்க போனை!"

காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். உர்ர் என்றது. இருமியது. அடங்கியது.

மறுபடியும் உர்ர்... லொக். அவ்வளவுதான்.

கடுப்பில் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஹார்ன் மட்டும் அருமையாக வேலை செய்தது.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு சரசக்கா ஓடி வந்தார். "ஏனம்மிணி, பெட்ரோல் இருக்குதா?"

"அரை டேங்க் இருக்குதுங்க."

"பேட்டரி?"

"ஹார்ன் கேட்டுத்தானே வந்தீங்க!"

"முன்னாடி கட்டியிருக்கற எலுமிச்சங்காய் வாடிப் போச்சு. புதுசு கட்டிப் பாக்கலாமா?"

வந்ததே எனக்குக் கோபம்! கான்வென்ட்டில் பிசிக்ஸில் முதல் மார்க் வாங்கியவளிடமா எலுமிச்சங்காய்?

"அக்கா, கார் ஓடறது எலுமிச்சங்காயில இல்லீங்க, நாலு ஸ்ட்ரோக்குல! இஞ்சின் காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுக்கும். அப்புறம் அமுக்கும். அப்புறம் தீப்பொறி பட்டு வெடிக்கும். அந்த வேகத்துலதான் சக்கரமே சுத்துது."

"மூணுதான ஆச்சு. நாலாவது?"

"நாலாவது, எரிஞ்ச பொகையைப் பின்னாடி வழியா வெளிய..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

எலி வயரைக் கடிக்கிறதே, அது இந்த வழியாகத்தானே ஏறுகிறது என்று, முந்தின நாள் சாயங்காலம் சைலன்சர் குழாயை அடைத்தவள் சாட்சாத் நான்தான். எங்கள் பனியன் ஊரில் எந்த ஓட்டைக்கும் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணிதான் மருந்து. மூட்டை மூட்டையாக வீட்டில் கிடக்கிறது. நானும் கஞ்சத்தனம் பார்க்காமல், விளக்குமாற்றுக் கட்டையால் குத்திக் குத்தித் திணித்திருந்தேன். அசடு வழிய எல்லாவற்றையும் சரசக்காவிடம் சொன்னேன்.

"மூக்கை அடைச்சுப் போட்டு, ஏன் ஓட மாட்டீங்கறேன்னு அதையவே குத்தறயே அம்மிணி!" சரசக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தரையில் உட்கார்ந்து இழுத்தேன். சிவப்பு வந்தது. மஞ்சள் வந்தது. ஊதா வந்தது. மேஜிக்காரன் வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது!

கடைசித் துண்டும் வந்ததும் சாவியைத் திருகினேன். ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது.

பறந்தேன். சிக்னலில் நின்றபோதாவது சும்மா இருந்திருக்கலாம். சட்டையில் சைஸ் லேபிள் இருக்கிறதா என்று கவரைப் பிரித்து, சிக்னல் மேல் கண் வைத்தபடியே தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

பையர் பெட்டியோடு ஹோட்டல் வாசலில் நின்றிருந்தார். பெருமையாகக் கவரை நீட்டினேன். பிரித்தார்.

வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் என் ஐந்து விரலும், சைலன்சர் கரியில், அச்சு அசலாக.

"மேடம், நாங்க ப்ளெய்ன் பீஸ்தானே கேட்டோம்?"

அத்தனை வருஷக் கான்வென்ட் இங்கிலீஷில் "சாரி" மட்டும்தான் வந்தது. அவர் சட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு டாக்ஸி ஏறிவிட்டார்.

சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஆர்டர் நமக்குத்தான். ஸ்டிச்சிங் பிரமாதமாம்."

"அப்பாடா!"

"பிரிண்டிங் யூனிட்டை மட்டும் உடனே மாத்தச் சொன்னாரு."