சிறுநீரகக் கல்லுக்கு எத்தனை மதிப்பெண்?

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து டெல்மருக்குச் செய்தி வந்தது. அவருடைய அக்கா ஆர்லிஸ் இறந்துவிட்டாள். ஐந்து மணிக்கு அவர் கல்லூரி ஆலோசகரின் மேசைக்கு முன்னால் நின்று, "அக்கா செத்ததுக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

கல்நெஞ்சக்காரர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். கண் இரண்டும் சிவந்துதான் இருந்தன. ஆனால் அவர் மதிப்பெண் கேட்போர் இனத்தைச் சேர்ந்தவர். அந்த இனத்துக்கு வேறு விதமாக அழத் தெரியாது.

எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரியவர்கள் வெல்டிங்கோ குழாய் வேலையோ கற்றுக்கொண்டே, விட்டுப்போன பள்ளிச் சான்றிதழையும் வாங்கிவிடலாம். வாழ்க்கையில் ஏற்கெனவே கற்றதை விளக்கிச் சொன்னால் அதற்கும் மதிப்பெண் உண்டு. விதியில் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்த நல்ல மனசுக்காரர் யாரோ தெரியவில்லை. இந்த இனத்தை உண்டாக்கியவர் அவர்தான்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? முதல் நாள் வகுப்பில் அவர் உங்களைப் போலத்தான் இருப்பார். பின் வரிசையில் உட்கார்ந்து காபியை ஊதுவார். ஆலையில் அளவெடுத்துப் பழகிய அனுபவத்துக்குக் கணக்கில் ஒரு மதிப்பெண் தருகிறோம் என்றால் வெட்கப்படக்கூடச் செய்வார். அந்த ஒன்று போதும். அப்புறம் வாசலில் பனி வாரினால் அது உடற்பயிற்சி, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீனுக்குக் காத்திருந்தால் அது அறிவியல், நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்து தூங்கியது குடிமையியல், முதல் விவாகரத்து பழங்கால வரலாறு, இரண்டாவது விவாகரத்து நவீன வரலாறு. சும்மா நடப்பது என்று ஒன்று அவர் வாழ்க்கையில் இல்லாமலே போய்விடும்.

ஆலோசகர் ரோஷெல் முப்பது வயதுப் பெண். பொறுமையாக இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். போன மாதம் ஒருநாள் டெல்மர் அவளிடம் வந்தார்.

"கிட்னில கல்லு வந்துச்சும்மா. நிலவியல்ல ஒரு மார்க் போடலாமே?"

"அது உங்களுக்கு வந்த நோய், டெல்மர். நீங்க அதுல என்ன கத்துக்கிட்டீங்க?"

"கல்லு எப்படி உருவாகுது, எந்த வழியா நகருது, எப்ப நிக்குது, எல்லாம் தெரியும். புத்தகத்துல படிச்சவன் இப்படித் தரையில உருண்டிருப்பானா?"

"அடுத்தவரை உள்ள வரச் சொல்லுங்க."

"சரி, வேத்து மொழி? என் மாமனார் நார்வே பாஷை மட்டும்தான் பேசுவார்."

"நீங்க பேசினீங்களா?"

"இல்ல. ஆனா திட்டினா புரியும்."

சிரித்துவிட்டாள். சிரித்த பாவத்துக்கு அரை மதிப்பெண் போட்டாள். மறுநாள் மற்ற மாமனார்களின் மருமகன்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

டெல்மருக்கு இது விளையாட்டில்லை. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் ஆர்லிஸ்தான். அவர் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, சான்றிதழை மாட்டுவதற்கென்று அவள் முன்கூட்டியே ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கினாள். டெல்மர் அந்த மார்ச் மாதமே படிப்பை விட்டுவிட்டு மர ஆலைக்குப் போய்விட்டார். அவள் சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைக்காரன் மாதிரிக்கு வைத்திருந்த படத்தோடு அப்படியே சுவரில் மாட்டினாள். படத்தில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள், புள்ளி போட்ட ஒரு நாய். யாரோ, எந்த ஊரோ.

"நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் இவங்க குடியிருக்கட்டும்டா" என்றாள்.

நாற்பது வருஷம் குடியிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இவர்கள் என்று கேட்பார்கள். ஆர்லிஸ் யாரையும் ஏமாற்றத்தோடு அனுப்பமாட்டாள். படத்திலிருந்த பையனைக் கப்பற்படையில் சேர்த்தாள். பெண்ணுக்கு ஒரு பல் டாக்டரைக் கட்டிவைத்தாள். அப்பாவுக்கு வழுக்கை விழுந்ததாகச் சொன்னாள். நாய் செத்துப்போனது என்று சொல்ல மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. அது எங்கள் ஊரிலேயே வயசான நாய்.

டெல்மருக்கு எஞ்சியிருந்தது ஆங்கிலத்தில் அரை மதிப்பெண். தெரிந்த ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதை எழுதாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாடு இருக்கிறதே, அந்த நேரத்தில் ஒரு நாவலே எழுதியிருக்கலாம். லாரியின் பின்பக்கம் ஒட்டிய வாசகம், கேபிள் கம்பெனிக்கு அனுப்பிய வசவு, முதல் மனைவிக்குக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றையும் இலக்கியம் என்று கொண்டுவந்து நீட்டினார்.

இப்போது அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்: "சனிக்கிழமை அடக்கம். அதுக்குள்ள சான்றிதழ் கெடச்சா, அந்தச் சட்டத்துல போட்டு அவ பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருவேன்."

"அக்காவைப் பத்தியே ரெண்டு பக்கம் எழுதுங்க. வெள்ளிக்கிழமை நானே ஓடிப்போய் கையெழுத்து வாங்கித் தரேன்."

"அவளை எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சதுக்கு மார்க் போடு. எழுதுறது எதுக்கு?"

"எழுதணும், டெல்மர்."

எழுத உட்கார்ந்தார். 'ஆர்லிஸ் என் அக்கா' என்று எழுதினார். அடுத்த வரி வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசியில் கூப்பிட்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குத் தியானம் என்று ஏதாவது பாடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

எனவே சனிக்கிழமை, தேவாலயத்தில் பெட்டிக்குப் பக்கத்தில், சட்டத்துக்குள் அந்தப் பழைய குடித்தனக்காரர்களே நின்றார்கள். வந்தவர்கள் வரிசையாகத் தலைகுனிந்தார்கள். ஒரு கிழவர், "இவங்களுக்குத் தகவல் சொல்லியாச்சா?" என்று டெல்மரின் காதில் கேட்டார்.

பேசக் கூப்பிட்டபோது டெல்மர் ஒரே ஒரு வரி எழுதிய தாளோடு எழுந்து நின்றார். அதை வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

"அம்மா செத்தப்ப இவளுக்குப் பதினாறு வயசு. எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டா. எனக்கு ஆக்கிப் போட்டா. மனையியல், ஒரு மார்க். குளிர்ல பைப்பு உறைஞ்சா அடியில படுத்து உருக்குவா. இயற்பியல், ஒண்ணு. அப்பா குடிச்சிட்டு வந்தா வாசல்லயே பேசித் திருப்பி அனுப்புவா. அது என்ன பாடம், ரோஷெல்?"

பின் வரிசையில் இருந்த ரோஷெல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குடிமையியல்."

"எனக்கு முடி வெட்டிவிட்டா, ஓடிப்போன என் புருஷன் திரும்பி வந்தான்!" பள்ளிப் பேருந்து ஓட்டும் லுவானா எழுந்துவிட்டாள். "நுண்கலை! ஒண்ணு போடுங்க!"

"திரும்பி வந்ததுக்குக் கழிக்கணும்" என்றது இன்னொரு குரல்.

"அந்த நாலு பேரையும் நாயையும் நாப்பது வருஷமா வளர்த்தாளே, அதுக்கு?" முன்பு டெல்மரின் காதில் கேட்ட அதே கிழவர்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றார் டெல்மர்.

"ஊருக்கே தெரியும்யா. கேக்க நல்லா இருந்துச்சு, கேட்டோம். இலக்கியத்துல ரெண்டு போடு!"

ஜெபப் புத்தகத்துக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்த பாதிரியார் தலையை நிமிர்த்தினார். "தேறிட்டா" என்றார்.

கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கி பன்றி இறைச்சி வைத்த பன்னும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டார்கள். காபி அண்டாவுக்குப் பக்கத்தில் ரோஷெல் டெல்மரைப் பிடித்தாள்.

"இதையே எழுதிக் கொடுங்க."

"அதான் சொல்லிட்டேனே!"

"எழுதணும், டெல்மர்."

எழுதினார். இரண்டு பக்கம் போதவில்லை. அதிகமான பக்கத்துக்குத் தனியாக மதிப்பெண் உண்டா என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மழையில் நனைந்துகொண்டே அத்தையைப் பார்க்கப் போனீர்களே, அதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? யாருக்கு என்னென்ன செய்தோம் என்று பட்டியல் ஒப்பிக்கும்போது, எதிரே யார் பேனாவோடு உட்கார்ந்திருப்பதாக நினைப்பு? இதைக் கடைசிவரை படித்ததற்கே ஏதாவது உண்டா என்று ஒரு நப்பாசை எட்டிப்பார்க்கிறதா? வாருங்கள். பின் வரிசையில் இடம் இருக்கிறது.

டெல்மரின் சான்றிதழ் ஜூன் மாதம் வந்தது. சட்டத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, முதுகுப் பலகையைப் பிடித்திருந்த நான்கு ஆணிகளில் மூன்றைப் பிடுங்கினார். நான்காவது இன்னும் அப்படியே இருக்கிறது, உள்ளே அந்தக் குடித்தனக்காரர்களும்.